இடதுகைக்காரிக்கு ஒரு தூண்டில்

செப்டம்பர் 28, ஞாயிறு

ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: எங்கள் வீட்டு டேபிள் ஃபேன் இன்று காலை பத்தரை மணிக்கு இயற்கை எய்தியது. வயது ஒன்பது. நீண்ட நாட்களாகக் கழுத்து வலியால் அவதிப்பட்டு வந்தது. நைனா கழனியிலிருந்து திரும்பியதும் சடங்குகள் நடைபெறும். சடங்கு ஃபேனுக்கா எனக்கா என்பது அவர் மூடைப் பொறுத்தது.

இயற்கை எய்தியது என்பது சும்மா மரியாதைக்கு. இறக்கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒத்திகைக்காக ஒரு பழைய தூண்டில் தண்டைச் செருகி ஓட விட்டது நான்தான். தண்டில் நரம்பு ஓடுகிற வளையத்தை வைத்து நூலால் கட்டி, மேலே பசை பூச வேண்டும். பசை காய்கிற வரைக்கும் தண்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே பக்கமாக வழிந்து கட்டி கட்டியாக நிற்கும். எங்கள் ஃபேனுக்கு 'மெதுவாக' தெரியாது. பசை சுவரில், காலண்டரில், என் புருவத்தில்.

கிளாஸ்மேட் தினேஷ் வந்து பார்த்தான். "டேய் பிரேம், உங்க வூட்டு காலண்டர் முருகருக்கு முகப்பரு வந்துக்கீதுடா."

அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என இதுவரை இரண்டு தூண்டில் செய்திருக்கிறேன். ஆளைப் பார்த்து, கையைப் பார்த்து, உயரத்தைப் பார்த்துச் செய்வது. கடையில் தொங்குவது எல்லாருக்கும் பொது, அதாவது யாருக்கும் இல்லை.

"மூணாவது யாருக்கு?" என்றான்.

"கஸ்டமர்."

"எந்த ஏமாளி?"

முறைக்கப் பார்த்தேன். புருவத்தில் பசை இருந்தால் முறைப்பதும் கஷ்டம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அம்மா காஞ்சிபுரத்து நெசவுக்காரர் வீட்டுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பவள். அவள் ராட்டைக்குச் சந்தனம், குங்குமம், பூ. நைனாவின் வண்டிக்கு எலுமிச்சம்பழம். நான் தண்டைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன்.

"இதுக்கு இன்னாத்துக்குடா பொட்டு?"

"ஆயுதம்மா."

"யாரக் கொல்றதுக்கு?"

"மீனை."

"யாரு, நீயி?" என்று சிரித்தாள். அப்படிச் சிரிக்க அதில் ஒன்றுமே இல்லை.

அக்டோபர் 3, வெள்ளி

இன்று தண்டுக்கு முதுகு கண்டுபிடித்தேன். நிமிர்த்திப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒன்று போலத்தான் இருக்கும். அடியைத் தரையில் ஊன்றி, நுனியை ஒரு கையால் தாங்கி, நடுவில் இன்னொரு கையால் அழுத்த வேண்டும். தானாகப் புரண்டு ஒரு பக்கமாகப் போய் நின்றுவிடும். நாம் திருப்பினாலும் மறுபடி அங்கேயே வரும். அந்தப் பக்கம் பார்த்துத்தான் வளையம் கட்ட வேண்டும். மாற்றிக் கட்டினால் பெரிய மீன் இழுக்கும்போது தூண்டில் கையிலேயே முறுக்கிக்கொள்ளும்.

ஏழு தரம் அழுத்தினேன். ஏழு தரமும் அதே பக்கம். பிடிவாதத்தில் எங்கள் வீட்டு ஆள் ஒருத்தி மாதிரி.

அக்டோபர் 5, ஞாயிறு

இந்த நோட்டுக்கு வரலாற்று முக்கியத்துவம் வேண்டுமென்பதால் ஆகஸ்ட் 21 சாதனையை இங்கே பதிவு செய்கிறேன்.

கீர்த்தி, என் அக்கா. நாலு வயசு மூத்தவள். ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில் வேலை, கம்பெனி ஹாஸ்டலில் வாசம். அன்று காலை நைனா போனையும் அம்மா போனையும் சுவிட்ச் ஆஃப் செய்து அரிசிப் பானைக்குள் புதைத்தேன். பிறகு ஹாஸ்டல் வார்டனுக்குப் போன். நைனாவின் குரலில். இருமல் உள்பட. "அம்மா, கீர்த்தி நைனா பேசறேன்... அவங்க அம்மாவுக்கு சீரியஸா கீது... உடனே அனுப்புங்கம்மா."

மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டாள். இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. கம்பெனிச் சட்டையோடு. ஒரு காலில் நீலச் செருப்பு, இன்னொன்றில் சிவப்பு, யாருடையதோ. வாசலில் அம்மா ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். "இன்னாடி திடீர்னு?" என்றாள்.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து குதித்து "டொட்டடொய்ங்!" என்றேன்.

குரல், நேரம், ஏற்பாடு எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு. ப்ளஸ் ஒன்னில் எந்தப் பாடத்திலும் வாங்காத மார்க்.

அவள் அறைந்த அறையும் முழு மார்க்தான்.

அக்டோபர் 6, திங்கள்

நேற்று எழுதாமல் விட்டது: அவள் அழவில்லை. திட்டவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாள். நீலமும் சிவப்பும் இன்னும் வாசல்படி ஓரத்திலேயே கிடக்கின்றன. யாரும் எடுத்து வைப்பதில்லை. என் நம்பரை பிளாக் செய்துவிட்டாள்.

அம்மா இன்றும் தட்டில் தோசையைப் போட்டுக்கொண்டே, "துன்னு. சீரியஸா கீறவ சுட்ட தோசை."

அக்டோபர் 11, சனி

ஏரியில் நேற்றைய மழைக்குக் கொஞ்சம் தண்ணீர் ஏறியிருக்கிறது. மதகுப் பக்கம் போனேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு ஜிலேபி மீன், ஒரு கெண்டை. மூன்றையும் மன்னித்து விட்டுவிட்டேன். இதோடு இந்த வருஷம் பதினோரு உயிருக்கு வாழ்வளித்திருக்கிறேன். வள்ளலுக்கு மீனா பெரிது?

தினேஷ் மண்புழு கொடுத்தான். வேண்டாம் என்றேன். நாகரிகமான தூண்டில்காரன் மைதா உருண்டைதான் போடுவான்.

முன்பெல்லாம் புழு கீர்த்தி டிபார்ட்மெண்ட். நான் தண்டு, ரீல், நூல். அவள் புழு, கொக்கி, மீன். சேற்றில் முழங்கால் வரை இறங்கி நின்று, இடது கையால் வீசுவாள். எல்லாத் தூண்டிலிலும் ரீல் கைப்பிடி அவளுக்குத் தப்பான பக்கம் இருக்கும். "எனக்குன்னு ஒண்ணு செஞ்சி குடுடா, பெரிய இன்ஜினீரு" என்பாள். செய்கிறேன் செய்கிறேன் என்றே மூன்று வருஷம் ஓட்டினேன். பிறகு அவள் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

சரி. கஸ்டமர் யாரென்று நோட்டுக்காவது தெரிந்து தொலையட்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

தண்டின் அடிப்பக்கம் விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் இருக்க வேண்டும். ஆள் இல்லை. எப்படி அளப்பது?

பீரோவில் அவளுடைய பன்னிரண்டாம் வகுப்பு யூனிஃபார்ம் இருந்தது. கையை நீட்டிப் பாயில் படுக்க வைத்து அளந்தேன். அரைக்கைச் சட்டை. முழங்கைக்கு மேலேயே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே வெறும் பாய்.

மடித்து வைத்துவிட்டேன். அவள் மடித்த மாதிரி வரவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

யோசனை பிறந்தது! நீளத்தை அம்மா கையில் அளந்துகொள்ளலாம். பிடிக்கு, கை வராவிட்டால் என்ன, கையின் அச்சு வரட்டும்.

தண்டு கனத்துக்கே ஒரு துண்டு குழாய் அறுத்தேன். ஏரிக்களிமண்ணைக் கல் பொறுக்கிப் பிசைந்து அதன்மேல் அப்பினேன். ஒரு முனையில் ஆணியால் அம்புக்குறி: இந்தப் பக்கம் நுனி. ஈரத்துணி சுற்றி பாலிதீன் கவருக்குள் போட்டேன். அவள் ஒரே ஒரு தரம் தூண்டில் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தால் போதும். ஐந்து விரல் பள்ளமும் வந்துவிடும். அந்தப் பள்ளத்துக்கு ஏற்ற மாதிரி நான் கைப்பிடி செதுக்கிவிடுவேன்.

தூது போவது செங்கேணி அக்கா. எங்கள் தெரு, அதே கம்பெனி. ஆனால் அவர் தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர். சாலவாக்கம் கூட்ரோட்டில் காலை ஐந்தே காலுக்குக் கவரை நீட்டினேன்.

"இன்னாடா இது, சாணியா?"

"களிமண்ணுக்கா. கீர்த்தி கிட்ட குடுத்து, புடிச்சித் தரச் சொல்லுங்க."

"உன்னத்தான் அவ புடிக்கலன்னு சொல்லிட்டாளே."

பஸ்ஸில் ஏறிக்கொண்டே சொன்னார். ஆனால் கவரை மடியில் வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 16, வியாழன்

வந்துடுச்சு!!! ஐந்து விரல்! பெருவிரல் ஆழமா, சுண்டுவிரல் லேசா! பிடிச்சிருக்கா! கோபம் போயிடுச்சு!

செங்கேணி அக்காவுக்கு ஆயுள் சந்தா மீன் இலவசம் என்று அறிவித்தேன். (மன்னித்து விடும் கொள்கை அவருக்கு மட்டும் தளர்த்தப்படும்.)

அக்டோபர் 17, வெள்ளி

அம்புக்குறியை முன்னால் வைத்து நானும் பிடித்துப் பார்த்தேன். என் வலது கை அப்படியே பொருந்தி உட்கார்ந்தது.

வலது கை.

கீர்த்தி இடதுகைக்காரி. சோறும் வீச்சும் அறையும் எல்லாமே இடதுதான். என் வலது கன்னத்துக்குத் தெரியும்.

சாயங்காலம் பஸ் வரும்வரை கூட்ரோட்டிலேயே நின்றேன். செங்கேணி அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ தொடவே இல்லடா. கவரப் பாத்தா, ஏரி நாத்தம்னா, கட்டில் கீய வச்சிட்டா. நேத்து திருப்பிக் குடுத்துட்டா. நீ இங்க காத்துக்கினு இருப்பியேன்னு நான்தான் பஸ்லயே புடிச்சிட்டேன்."

ஊரையே ஏமாற்றுகிறவன் நான். என்னை ஏமாற்ற ஒருவர் பரிதாபப்பட வேண்டியிருந்தது.

"ஒரு விளையாட்டுக்கு இவ்ளோ நாளாக்கா கோபம்?" என்றேன்.

"அன்னிக்கு இன்னா நாள்னு உனக்குத் தெரியாதா? லைன் லீடர் பிரமோஷன் டெஸ்ட்டுடா. நாலு மாசமா படிச்சிக்கினு இருந்தா. பேப்பர கையில வாங்கிட்டா. வார்டன் வந்து கூப்ட்டாங்க. அப்டியே போட்டுட்டு ஓடி வந்தா. அடுத்த டெஸ்ட்டு வர்ற வருசந்தான்."

அதனால்தான் சிவப்புச் செருப்பு. பரீட்சை அறை வாசலில் கழற்றிப் போட்ட குவியலிலிருந்து கைக்கு வந்ததை, இல்லை, காலுக்கு வந்ததை

எழுத முடியல.

அக்டோபர் 18, சனி

எதுவும் செய்யவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அவள் வரவில்லை. ஷிஃப்ட்டாம். நைனாவின் போனில், ஸ்பீக்கரில் பேசினாள். அதிரசம் சரியாக வந்ததா, பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டதா, நைனாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது, எல்லாம் கேட்டாள். நான் பக்கத்திலேயே, வாயில் அதிரசத்தோடு. மெல்லவும் இல்லை, சத்தம் வரும் என்று.

பசுவைக் கேட்டாள். கன்றைக் கேட்டாள்.

நைனா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அடித்திருக்கலாம். "துன்னுடா" என்றார்.

அக்டோபர் 24, வெள்ளி

மூன்று நாளாக மழை. ஸ்கூல் லீவு. நூல் கட்டிப் பழகுகிறேன். அம்மா சுற்றும்போது அறுந்து விழுகிற துண்டுப் பட்டு நூல்தான், அரக்கும் மயில் கழுத்துப் பச்சையும். ஒரு இழை மேல் இன்னொரு இழை ஏறாமல் ஒட்டி ஒட்டிச் சுற்ற வேண்டும். ஏறினால் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து. இன்று ஒன்பது தரம் அவிழ்த்தேன்.

அவிழ்த்துச் சுற்ற முடிகிறது. ஆகஸ்ட் 21ஐ எங்கே அவிழ்ப்பது?

அக்டோபர் 26, ஞாயிறு

கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் கடிதம், 'மாண்புமிகு லைன் லீடர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தது. கிழித்தேன். இரண்டாவதில் அம்மா செத்துப் பிழைத்த கதை. அதையும் கிழித்தேன். எனக்கு ஜோக் அடிக்காமல் எழுதவே தெரியவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் இவ்வளவுதான்:

"அன்னிக்கு என் பிறந்த நாள். நீ வர்றேன்னு சொல்லியிருந்த. அப்புறம் முடியாதுன்னுட்ட. டெஸ்ட்டுன்னு சொல்லல. சொல்லியிருந்தா பண்ணியிருக்க மாட்டேன்னு சொல்ல ஆசை, ஆனா தெரியல. நீ வரணும்னு இருந்துச்சு. அதுக்கு அம்மாவச் சாவடிச்சிட்டேன். உன் டெஸ்ட்டையும். இதுல கைய வை, வைக்காட்டியும் பரவால்ல, நான் செஞ்சிக்கினுதான் இருப்பேன்."

புதுக் களிமண். அதே குழாய். அதே அம்புக்குறி. கடிதத்தை மடித்துக் கவருக்குள் வைத்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

"அக்கா, சத்தியமா இந்தத் தரம் நீங்க புடிக்கக் கூடாது."

"போடா. என் கையி இன்னும் மண்ணு நாறுது."

அக்டோபர் 28

வரவில்லை.

அக்டோபர் 29

செங்கேணி அக்காவுக்கு வாரலீவாம். கம்பெனிக்கு லீவே விடக் கூடாது.

அக்டோபர் 31, வெள்ளி

வந்தது. செங்கேணி அக்கா கவரைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து துணியைப் பிரித்தேன். வலது கையை வைத்தேன். பொருந்தவில்லை! விரல் எல்லாம் மேட்டில் மோதியது. இடது கையை வைத்தேன். உட்கார்ந்தது.

கோபத்தோடு பிடித்திருக்கிறாள். களிமண் விரலிடுக்கில் பிதுங்கி, ஒரு இடத்தில் உள்ளே குழாயே தெரிகிறது. என் கழுத்தாக நினைத்துப் பிடித்திருப்பாள். பிடிக்கட்டும்.

கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கைப்பிடிக்கு மெத்தென்று ஏதாவது வேண்டும். ரப்பர் செருப்பை வட்டம் வட்டமாக அறுத்து, நடுவில் ஓட்டை போட்டு, தண்டில் கோத்து ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்தால் அருமையாக வரும். எனக்கும் தினேஷுக்கும் அப்படித்தான் செய்தேன்.

வாசல்படி ஓரத்தில் நீலமும் சிவப்பும் கிடந்தன. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எடுத்துக் கழுவினேன்.

ஒரு நீலம், ஒரு சிவப்பு, ஒரு நீலம், ஒரு சிவப்பு.

நவம்பர் 8, சனி

கைப்பிடி முடிந்தது. அச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரல் விரலாகத் தேய்த்தேன். ரீல் கைப்பிடியைக் கழற்றி அவளுக்கு வேண்டிய பக்கம் மாற்றினேன். முதுகு பார்த்து ஐந்து வளையம் கட்டியாயிற்று. நான்காவது வளையத்தில் ஒரு இழை ஏறியிருக்கிறது. தினேஷுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவிழ்த்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கடைசிப் பூச்சு. ஃபேன் காலமாகிவிட்டதால் அம்மாவின் ராட்டையில் தண்டைக் கட்டினேன். நான்கு மணி நேரம் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒரு மணி நேரத்தில் என் தோள் கழன்றது.

"தள்ளு" என்றாள் அம்மா. உட்கார்ந்து, நூல் சுற்றுகிற அதே தாளத்தில் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு சொட்டு வழியவில்லை. பாதியில் அவள் கை கைப்பிடிப் பக்கம் போயிற்று, அந்த நீலமும் சிவப்பும். தடவிப் பார்த்தாள். மறுபடி சுற்றினாள்.

மத்தியானம் தோசை இல்லை, சோறு. "துன்னு" என்றாள். அவ்வளவுதான். சீரியஸ் இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

ஏரி நிரம்பிவிட்டது. கலங்கலில் தண்ணீர் வழிந்து ஓடுகிறது. ஊரே வலையும் கொசுவலையும் புடவையும் தூக்கிக்கொண்டு கலங்கலில்தான் கிடக்கிறது. முன்பென்றால் முதல் ஆளாக அவளுக்குப் போன் செய்திருப்பேன். இன்று யார் நம்புவார்கள்? 'ஏரி ரொம்பிடுச்சு வா' என்று நான் சொன்னால் ஏரியே வற்றியிருக்கும் என்றுதான் நினைப்பாள்.

செங்கேணி அக்காவிடம் கலங்கல் போட்டோவைக் காட்டினேன். "அனுப்பட்டா?" என்றார். "நீங்க சொன்னதா சொல்லுங்க" என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். இரண்டும் ஒரே ஜோடி, புதுசு.

கீர்த்தி. இளைத்திருக்கிறாள். பையைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தாள்.

"இன்னாடா, அம்மாவுக்கு இப்ப எப்டி கீது?"

வாயில் பேஸ்ட். அப்படியே விழுங்கினேன்.

உள்ளே கூட்டிப்போய் தூண்டிலைக் கொடுத்தேன். இடது கையால் வாங்கினாள். விரல்கள் தானாக இடத்தில் போய் உட்கார்ந்தன. குனிந்து நீலத்தையும் சிவப்பையும் பார்த்தாள். "அந்த செவப்பு எங்க ரூம் வனிதாது. இன்னும் தேடிக்கினு கீறா" என்றாள். பிறகு தூண்டிலாலேயே என் தலையில் ஒன்று வைத்தாள். தண்டு அழகாக வளைந்து நிமிர்ந்தது. முதுகு சரியாகத்தான் கட்டியிருக்கிறேன்.

கலங்கலுக்குப் போனோம். மண்புழு அவள் டிபார்ட்மெண்ட். மூன்றாவது வீச்சில் தண்டு வில்லாக வளைந்தது. முறுக்கவில்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு விரால்! கரைக்கு இழுத்துப் போட்டாள். வழக்கமாகக் கொக்கியை அவளே கழற்றுவாள். இன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கயட்டு."

"நானா?"

"பதினோரு மீனுக்கு வாழ்வு குடுத்தவராமே. தினேஷு சொன்னான். கயட்டு பாப்போம்."

இனிமேல் எழுதுவதை யாரும் படிக்கக் கூடாது. அந்தப் பதினோரு மீனையும் நான் மன்னிக்கவில்லை. நூலைக் கத்தரியால் வெட்டினேன், கொக்கியோடு போய்விட்டன. துடிக்கிற மீனைத் தொட எனக்குப் பயம். புழுவும் பயம். சின்ன வயசிலிருந்தே. அம்மாவுக்குத் தெரியும். கீர்த்திக்கு எப்போதும் தெரியும், அதனால்தான் கேட்காமலே கழற்றிக் கொடுப்பாள். பெரிய தூண்டில் இன்ஜினீருக்கு அவள் இல்லாமல் ஒரு மீனும் கிடையாது. இந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு நாள்கூட மீன் குழம்பு வைக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். என் கை மேல் அவள் கையை வைத்து அழுத்தினாள். விரால் ஒரு துள்ளு துள்ளியது.

கலங்கலில் கொக்கெல்லாம் ஒரே நேரத்தில் ஏன் பறந்தன என்று சாயங்காலம் தினேஷ் கேட்டான். யாரோ வெடி வெடித்தார்கள் என்றேன். வெடி இல்லை. கத்தினது நான்தான்.

அவள் ஐந்தரை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். தூண்டிலை இங்கேயே விட்டுவிட்டாள், மறந்து இல்லை, ஆணியில் மாட்டிவிட்டு. இப்போதுதான் எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். என் வலது கைக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.